எண்ணிப் பார்க்க ஒரு பாட்டு: மியூசிக் வீடியோவின் காட்சிமொழியைப் படிக்கும் முறை

“கலர் அருமை, எடிட்டிங் வேற லெவல்.” ஒரு பாட்டு வீடியோ எப்படி என்று கேட்டால் பெரும்பாலும் வருகிற பதில் இதுதான். பார்த்து ரசிக்க இது போதும். விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கிற மாணவருக்கும், நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஆல்பம் பாட்டு எடுக்கக் கிளம்புகிறவருக்கும் இது போதாது. அருமை என்றால் பாட்டின் எந்த நொடியில் அருமை, அதை வேறு மாதிரி எடுத்திருந்தால் எது கெட்டுப்போயிருக்கும் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

அதற்குக் கேமராவைப் பற்றிப் பெரிய ஞானம் வேண்டியதில்லை. எண்ணத் தெரிந்தால் போதும். தமிழில் ‘எண்ணிப் பார்ப்பது’ என்றால் இரண்டு பொருளும் வரும் என்பது நமக்கு வசதி. முதலில் ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். யோசிப்பது அதற்குப் பிறகு. இந்த வரிசை மாறினால் கட்டுரை முழுக்க ‘அழகிய ஒளிப்பதிவு’, ‘விறுவிறுப்பான படத்தொகுப்பு’ என்று நிரம்பிவிடும். அந்த இரண்டு தொடரையும் எந்த வீடியோவுக்கும் ஒட்டலாம் என்பதால் அவை எதையும் சொல்வதில்லை.

அடிப்படை ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சினிமாவின் பின்னணி இசை, காட்சியை எடுத்து வெட்டி முடித்த பிறகு வருவது. பாட்டு வீடியோவில் இது தலைகீழ். பாட்டின் நீளம், வேகம், எங்கே உச்சம், எங்கே மூச்சு என்பதெல்லாம் முடிவான பிறகுதான் கேமரா பையிலிருந்து வெளியே வருகிறது. உடம்பை அளந்து வைத்துக்கொண்டு துணி வெட்டுகிற வேலை இது. ஆகவே காட்சியில் எதைக் கண்டாலும் அந்த உடம்போடு பொருத்திப் பாருங்கள். ‘ட்ரோன் ஷாட் இருக்கிறது’ என்பது வெறும் தகவல். ‘இடையிசையில் வயலின்கள் சேரும் நொடியில் ட்ரோன் மேலே ஏறுகிறது’ என்பதிலிருந்துதான் பகுப்பாய்வு தொடங்குகிறது.

உட்காருவதற்கு முன்

முதல் பயிற்சிக்குச் சினிமாப் பாட்டு வேண்டாம். அதில் பாதி அர்த்தம் கதைக்குள் கிடக்கும். கதாநாயகி அந்தச் சிவப்புப் பையை ஏன் அணைத்துக்கொண்டிருக்கிறாள் என்பதற்கு முந்தைய காட்சியில் பதில் இருக்கும். ஆல்பம் பாட்டு, சொல்ல வேண்டியதைத் தன் மூன்று நான்கு நிமிடத்துக்குள் தானே சொல்லியாக வேண்டும். பாடகரின் போட்டோ மேல் வரிகள் ஓடுகிற லிரிக் வீடியோ இந்த வேலைக்கு ஆகாது.

படத்தரத்தை நீங்களே 1080-க்கு மாற்றி வையுங்கள். ‘ஆட்டோ’வில் விட்டால் சிக்னல் குறைகிற இடத்தில் 360-க்கு இறங்கிவிடும். செங்கோட்டையில் பஸ் ஏறி, புளியரை எஸ் வளைவு தாண்டிக் காட்டுக்குள் போகும்போது பார்த்தால் இருட்டுக் காட்சிகள் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். அது இணையத்தில் படம் சுருங்கியதால் வந்த அழுக்கு. அதைப் பார்த்துவிட்டு ‘ஃபிலிம் கிரெய்ன் (பழைய படச்சுருளின் துகள்துகளான தோற்றம்) சேர்த்திருக்கிறார்கள்’ என்று எழுதுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்கிற தவறு.

இயர்போன் கம்பி வைத்ததாக இருக்கட்டும். புளூடூத்தில் ஒலி கொஞ்சம் பிந்தி வரும். பல செயலிகள் அதற்கேற்பப் படத்தையும் பிந்தவிட்டுச் சரிசெய்துவிடும், சில செய்யாது. 0.2 நொடி பிந்தினாலே, நொடிக்கு 24 ஃப்ரேம் (தனித்தனி நிலைப்படம்) என்ற கணக்கில் கிட்டத்தட்ட 5 ஃப்ரேம் போய்விட்டது. கட் (ஒரு ஷாட் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம்) தாளத்தில் விழுகிறதா இல்லையா என்று பார்க்கிற வேலையில் 5 ஃப்ரேம் பெரிய பிழை.

போனை விட லேப்டாப் நல்லது. யூடியூபில் வீடியோவை நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் ஒரு ஃப்ரேம் முன்னே போகும், கமா விசையைத் தட்டினால் ஒரு ஃப்ரேம் பின்னே வரும். வேகத்தை 0.25 வரை குறைக்கலாம். இவற்றோடு ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் வேறு மென்பொருள் எதுவும் தேவையில்லை.

முதலில் காது

முதல் தடவை வீடியோவைப் பார்க்காதீர்கள். திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேளுங்கள். தாளில் குறுக்கே ஒரு நீளக் கோடு போட்டு, தொடக்க இசை, பல்லவி, இடையிசை, முதல் சரணம், மறுபடி பல்லவி என்று நேரத்தோடு குறியுங்கள். எங்கே தவில் நுழைகிறது, எங்கே எல்லா வாத்தியமும் அடங்கிக் குரல் மட்டும் நிற்கிறது, எங்கே ஒரு நொடி முழு அமைதி என்பதையும் கோட்டுக்கு மேலே எழுதுங்கள். இதுதான் அளவெடுத்த உடம்பு.

அடுத்து வேகம். காலால் தாளம் தட்டிக்கொண்டே 15 நொடிக்குள் எத்தனை தட்டு விழுகிறது என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். 25 தட்டு விழுந்தால் நிமிடத்துக்கு 100. அப்படியானால் ஒரு தட்டு 0.6 நொடி, நான்கு தட்டுள்ள ஒரு சுற்று 2.4 நொடி. நம் நாட்டுப்புற மெட்டுகளிலும் குத்துப் பாட்டுகளிலும் ஆறாக எண்ண வேண்டிய நடை நிறைய வரும். அதைப் பிடிவாதமாக நான்காக எண்ணினால் பின்னால் எல்லாக் கணக்கும் இடிக்கும். சந்தேகம் இருந்தால் பாட்டின் சத்தத்தோடு ‘ஒன்று-இரண்டு-மூன்று’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், எது உட்காருகிறது என்று காதே சொல்லிவிடும்.

பிறகு சத்தமில்லாமல்

இரண்டாம் தடவை ஒலியை முழுக்க மூடிவிட்டுப் பாருங்கள். சத்தம் இருந்தால் பாட்டு உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும். எத்தனை கட் வந்தது என்றே தெரியாது. இப்போது ஒவ்வொரு ஷாட்டுக்கும், அதாவது ஒரு கட்டிலிருந்து அடுத்த கட் வரை உள்ள துண்டுக்கு, ஒரு வரி எழுதுகிறோம்: எண், தொடங்கும் நேரம், தூரம், கேமரா அசைவு, ஷாட்டுக்குள் என்ன இருக்கிறது, ஒரு குறிப்பு.

தூரத்துக்குச் சுருக்கெழுத்து வைத்துக்கொண்டால் கை வலிக்காது. ஆள் முழுக்கவும் சுற்றுப்புறமும் தெரிந்தால் ‘தூ’, இடுப்புக்கு மேல் ‘இ’, முகம் மட்டும் ‘மு’, கண், கை, கொலுசு, காபி டம்ளர் என்று ஒரே துண்டு மட்டும் தெரிந்தால் ‘நு’. அசைவுக்கு: நிற்கிறது, திரும்புகிறது, நகர்கிறது, கையில் ஆடுகிறது. நகர்வதும் ஜூம் செய்வதும் வேறு வேறு. கேமராவே முன்னால் போனால் அருகிலுள்ள தூணும் தூரத்து மரமும் ஒன்றுக்கொன்று விலகும். ஜூம் செய்தால் இரண்டும் அதே இடத்தில் சேர்ந்தே பெரிதாகும்.

நான்கு நிமிட வீடியோவில் நூறு ஷாட்டைத் தாண்டுவது சாதாரணம் என்பதால் முதல் முயற்சியில் எல்லாவற்றையும் எழுத நினைத்தால் பாதியில் விட்டுவிடுவீர்கள். ஒவ்வொரு பல்லவியையும் முதல் இருபது நொடியையும் கடைசி இருபது நொடியையும் மட்டும் ஒழுங்காக எழுதுங்கள். மீதிக்கு ஷாட் எண்ணிக்கை போதும்.

எண்ணும்போது வழுக்கும் இடங்கள் சில உண்டு. வெளிச்சம் பளிச் பளிச் என்று அணைந்து எரிவது கட் அல்ல, விளக்கு. கேமரா சடாரென்று திரும்பிப் படம் கோடாகக் கலையும் இடத்தில் ஒரு கட் ஒளிந்திருக்கும். ஃப்ரேம் ஃப்ரேமாகத் தட்டினால் கோடுகளின் நிறம் ஒரே ஃப்ரேமில் மாறுவது தெரியும். ‘ஒரே ஷாட்டில் எடுத்தது’ என்று பேசப்படும் வீடியோக்களில், யாருடைய முதுகோ ஒரு தூணோ திரை முழுவதையும் மறைக்கும் அந்தக் கண நேரத்தில்தான் ஒட்டு போட்டிருப்பார்கள். ஒருவரே, ஒரே இடத்தில், தலை மட்டும் ஒரு துள்ளு துள்ளி நகர்ந்தால் அது ஜம்ப் கட். அதையும் தனி ஷாட்டாகவே எண்ணுங்கள்.

இனிதான் சுவை. விளக்கத்துக்காக ஒரு கற்பனை வீடியோவை எடுத்துக்கொள்வோம். பாட்டின் வேகம் 100, பல்லவி எட்டுச் சுற்று, அதாவது 19.2 நொடி. முதல் பல்லவியில் 8 ஷாட் என்றால் சராசரி 2.4 நொடி, சுற்றுக்கு ஒன்று. இரண்டாம் பல்லவியில் 16 ஷாட், ஒவ்வொன்றும் 1.2 நொடி, இரண்டு தட்டுக்கு ஒன்று. கடைசிப் பல்லவியில் 32 ஷாட், 0.6 நொடி, தட்டுக்கு ஒன்று. மெட்டு அதே, வரி அதே, குரலும் அதே. மூன்றாம் முறை கேட்கும்போது நெஞ்சு படபடப்பதற்கு இசை மட்டும் காரணமில்லை, எடிட்டர் ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்கியிருக்கிறார். முழு வீடியோவுக்கும் சேர்த்து ‘சராசரி 2 நொடி’ என்று ஒரே எண்ணை எழுதியிருந்தால் இந்த ஏற்றம் கண்ணிலேயே பட்டிருக்காது. சராசரியைப் பகுதி பகுதியாகப் போடச் சொல்வது இதற்காகத்தான்.

அடுத்து, கட் எங்கே விழுகிறது என்று பாருங்கள். தாளத்தில் விழுவதாக உணரும் கட், ஃப்ரேம் தட்டிப் பார்த்தால் பெரும்பாலும் தட்டுக்கு ஒன்றிரண்டு ஃப்ரேம் முன்னாலேயே விழுந்திருக்கும். புதிய படத்தைக் கண் பிடித்துக்கொள்ள அந்த அவகாசம் வேண்டும். எல்லாக் கட்டும் தட்டிலேயே விழுகிற வீடியோ சீக்கிரம் அலுத்துவிடும், தையல் மெஷின் ஓடுகிற மாதிரி. கைதேர்ந்த எடிட்டர் மூன்று தட்டில் வெட்டிவிட்டு நான்காவதில் கையைக் கட்டிக்கொள்வார். அந்த இடத்தில் பாடகி சட்டென்று தலையைத் திருப்புவாள், அல்லது கதவு ஒன்று சாத்திக்கொள்ளும். கட் செய்ய வேண்டிய வேலையை ஷாட்டுக்குள் நடக்கும் அசைவு செய்துவிடுகிறது. உங்கள் அட்டவணையில் தட்டு இருந்தும் கட் இல்லாத இடங்களைத் தேடி வட்டம் போடுங்கள். ஒரு வீடியோவின் நல்ல கணங்கள் பெரும்பாலும் அந்த வட்டங்களுக்குள்தான் இருக்கும்.

பதினாறு படங்கள்

நிறத்தையும் வெளிச்சத்தையும் ஓடும் படத்தில் பிடிக்க முடியாது. நான்கு நிமிட வீடியோவில் 15 நொடிக்கு ஒன்றாக ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் 16 படம் வரும். கேலரியில் வரிசைக்கு நான்காகச் சேர்த்து வைத்து, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். ஆட்களும் பொருட்களும் மங்கி, நிறக் கட்டங்கள் மட்டும் நிற்கும். பாட்டின் எந்தப் பகுதி எந்த நிறம், எங்கே மாறுகிறது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

சிவப்பு என்றால் கோபம், வெள்ளை என்றால் தூய்மை என்கிற வாய்ப்பாட்டை இங்கே தூக்கிப்போட்டுவிடுங்கள். நம் ஊரில் கல்யாணக் கூரைப்புடவையும் சிவப்பு, கோயில் கொடைவிழாச் சாமியாடியின் துணியும் சிவப்பு. கேரளக் கசவு வெள்ளை கொண்டாட்டம். மலைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், அதே வெள்ளைச் சேலையை ஒரு பாட்டி கட்டியிருந்தால் பார்க்கிறவர் மனதில் வேறொன்று ஓடும். நிறத்துக்குத் தானாக அர்த்தம் கிடையாது. அந்த நிறம் வீடியோவில் முதலில் எப்போது வருகிறது, யாரோடு வருகிறது, எப்போது காணாமல் போகிறது என்று கேளுங்கள். முதல் மூன்று நிமிடம் எங்குமே இல்லாத மஞ்சள் கடைசிச் சரணத்தில் வந்தால், அந்த வீடியோவில் மஞ்சளுக்கு என்ன பொருள் என்பதை அந்த வருகைதான் தீர்மானிக்கிறது.

பிறகு கலர் கிரேடிங். எடுத்த படத்தின் நிறத்தை எடிட்டுக்குப் பிறகு மாற்றுகிற வேலை அது. கண்டுபிடிக்க எளிய வழி, உண்மை நிறம் உங்களுக்கே தெரிந்த பொருட்களைப் பார்ப்பது: தோல், நெல் வயல், வாழையிலை, வெள்ளை வேட்டி. வேட்டியின் நிழல் பகுதி நீலமாக இருக்கிறதா? வயல் பச்சை நீலத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறதா, காய்ந்த மஞ்சளின் பக்கமா? தென்மலைக் காட்டின் பச்சையைக் கொஞ்சம் மஞ்சளாக்கினால் கோடைக்காலமாகிவிடும், கொஞ்சம் நீலமாக்கினால் பேய்ப்படமாகிவிடும். காட்டின் நிறத்தை இழுக்கிற வேகத்தில் முகத்தின் நிறமும் சேர்ந்து போய், பாடகர் மஞ்சள் காமாலை வந்தவர் போலத் தெரிந்தால் அது கவனக்குறைவு. வேண்டுமென்றே செய்தது என்று எழுதுவதற்கு முன் அந்தப் பதினாறு படத்திலும் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள்.

வெளிச்சத்துக்கு ஒரு சின்ன வித்தை. முகம் நெருக்கமாக வரும் ஷாட்டில் நிறுத்தி, கருவிழிக்குள் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே விளக்கின் பிம்பம் இருக்கும். வளையமாக இருந்தால் ரிங் லைட், பெரிய சதுரமாக இருந்தால் ஜன்னலோ துணி கட்டிய விளக்கோ, ஊசிமுனைப் புள்ளியாக இருந்தால் நேர் வெயில் அல்லது மூடாத விளக்கு.

இரவுக் காட்சிகளில் கொடைவிழா சீரியல் செட் பின்னணியில் துடிப்பதையும், படத்தின் குறுக்கே கருப்புப் பட்டைகள் ஊர்வதையும் சில வீடியோக்களில் பார்க்கலாம். இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் நேரடியாக எரியும் விளக்கு நொடிக்கு 100 தடவை மங்கி எரிகிறது. கேமராவின் ஷட்டர் (ஒரு ஃப்ரேமுக்கு வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம், நொடியில்) 1/50 அல்லது 1/100 என்று அதோடு ஒத்துப்போனால் துடிப்பு தெரியாது. 1/60-ல் வைத்து எடுத்தால் பட்டை விழும். அதை ஸ்டைல் என்று நினைத்துப் பாராட்டிவிடக் கூடாது.

மலை சொல்லும் சேதி

தென்காசி, செங்கோட்டைப் பக்கம் எடுத்த வீடியோக்களில் பின்னணியில் எப்படியும் மேற்குத் தொடர்ச்சி மலை வந்துவிடும். லென்ஸையும் நேரத்தையும் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

முதலில் லென்ஸ். ஒருவரை 1.5 மீட்டர் தள்ளி நின்று 24 மில்லிமீட்டர் அகல லென்ஸால் (நிறைய இடத்தைப் படத்துக்குள் அடக்குவது) எடுக்கிறீர்கள். பிறகு பின்னால் போய், அவரிடமிருந்து 6 மீட்டர் தள்ளி நின்று, தூரத்தை அருகே இழுக்கும் 96-ஐ ஒட்டிய லென்ஸால் எடுக்கிறீர்கள். தூரமும் நான்கு மடங்கு, லென்ஸும் நான்கு மடங்கு. முகம் இரண்டிலும் ஒரே அளவுதான். ஆனால் மலை இரண்டாவதில் நான்கு மடங்கு பெரிதாகி முதுகுக்குப் பின்னால் சுவர் போல எழுந்து நிற்கும். முதலாவதில் அது அடிவானத்தில் ஒரு கோடு. பாடகர் ஊரைவிட்டுப் போகத் துடிக்கும் பாட்டு என்றால், மலை அவரை நெருக்குகிறதா, விட்டு விலகுகிறதா என்பது லென்ஸ் எடுத்த முடிவு. ‘பின்னணியில் மலை அழகாக இருந்தது’ என்பதைவிட இதைச் சொல்லுங்கள்.

இரண்டாவது நேரம். மலை நமக்கு மேற்கே இருப்பதால் காலை வெயில் அதன் முகத்தில் நேராக விழும். பள்ளமும் பாறையும் அருவிக்கோடும் தெளிவாகத் தெரியும். சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடுவதால் மலை வெறும் நிழலுருவம். அந்திமஞ்சள் வெளிச்சம் இந்தப் பக்கம் சீக்கிரமே முடிந்துவிடும். சூரியன் உண்மையில் மறைய நேரம் இருக்கும்போதே மலை அதை மறைத்துக்கொள்ளும். கணவாயைத் தாண்டிக் கேரளத்தின் ஆரியங்காவு, தென்மலைப் பக்கம் போனால் காலைக் கதை மாறுகிறது. அங்கே சூரியன் மலையேறி வரத் தாமதமாகும். ஒரே சரணத்துக்குள் மலை ஒரு ஷாட்டில் தெளிவாகவும் அடுத்ததில் கறுப்பாகவும் வந்தால், இரண்டும் வேறு வேறு நேரத்தில் எடுத்து ஒட்டியது என்று தயங்காமல் எழுதலாம்.

தென்காசி அருகே சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தி வயலை எடுத்துக்கொள்ளுங்கள். பூத்து முற்றிய சூரியகாந்தி சூரியனோடு திரும்புவதில்லை, கிழக்கே பார்த்தபடி நின்றுவிடும். பூவின் முகம் வேண்டுமானால் கேமரா மேற்கே பார்க்க வேண்டும். மேற்கே பார்த்தால் மலை வந்தே தீரும். அந்த வயலில் எடுத்த ஷாட்டுகள் ஒன்றுபோலவே இருப்பதற்குப் பூவும் ஒரு காரணம். எவராவது பூக்களின் முதுகைக் காட்டி எடுத்திருந்தால் அங்கே நிறுத்திப் பாருங்கள். அது வேண்டுமென்றே செய்ததாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சாரல் சீசனில் எடுத்த வீடியோவில் நிழலே இருக்காது. மேகம் வானம் முழுக்க விரித்த துணி மாதிரி வெளிச்சத்தைப் பரப்பிவிடும். முகத்துக்கு நல்லது, வானத்துக்குக் கெட்டது; வானம் வெறும் வெள்ளையாகிவிடும். அதனால்தான் அந்த சீசன் வீடியோக்களில் வானத்தை ஒதுக்கி, சற்று மேலிருந்து கீழ் நோக்கிக் கேமராவை வைத்திருப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை: எந்தக் கேமரா, எந்தக் கம்பெனி லென்ஸ் என்று ஊகித்து எழுதாதீர்கள். படத்தைப் பார்த்து அதைச் சொல்லிவிட முடியாது. மேலும் கீழும் கறுப்புப் பட்டை இருப்பதாலேயே அனமார்ஃபிக் லென்ஸ் (படத்தை அகலவாக்கில் நெருக்கிப் பதிவுசெய்யும் சினிமா லென்ஸ்) என்றும் சொல்லிவிட முடியாது, பட்டையை எடிட்டில் யாரும் போடலாம். பின்னணி விளக்குகள் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் மங்குகின்றனவா, விளக்கொளி படத்தின் குறுக்கே நீளக் கோடாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

உதடு சரி, கூந்தல் மெதுவா?

பாட்டு வீடியோவுக்கே உரிய தந்திரம் ஒன்று உண்டு. பாடகி அருவிக்கு முன்னால் நின்று பாடுகிறாள். உதடு பாட்டோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் கூந்தலும் தாவணியும் பின்னால் விழும் தண்ணீரும் கனவு மாதிரி மெதுவாகப் போகின்றன. எப்படி?

படப்பிடிப்புத் தளத்தில் பாட்டை ஒலிக்கவிட்டு அதற்கு வாயசைப்பார்கள். அந்தக் கருவியை நம் சினிமாக்காரர்கள் இன்னும் ‘நாக்ரா’ என்றே அழைக்கிறார்கள். அது பழைய டேப் ரெக்கார்டர் ஒன்றின் பிராண்ட் பெயர், இப்போது வேலை செய்வது லேப்டாப்பாக இருந்தாலும் பெயர் போகவில்லை. மெதுவான காட்சி வேண்டுமானால் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிடுவார்கள். பாடகி அந்தக் கிறீச்சுக் குரலுக்கு ஈடாக வாயசைப்பாள். கேமரா நொடிக்கு 48 ஃப்ரேமில் எடுக்கும். அதை 24-ல் ஓட்டினால் எல்லாம் பாதி வேகமாகிவிடும்: இரட்டை வேகத்தில் அசைந்த உதடு சாதாரண வேகத்துக்கு வந்து பாட்டோடு சேர்ந்துகொள்ளும், சாதாரண வேகத்தில் விழுந்த தண்ணீர் பாதி வேகத்தில் விழும். மென்மையாகப் போதுமென்றால் 36 ஃப்ரேம், பாட்டு ஒன்றரை மடங்கு; இன்னும் லேசாக வேண்டுமென்றால் 30 ஃப்ரேம், ஒன்றே கால் மடங்கு.

கெட்டுப்போகும் இடம் இது: இரட்டை வேகத்தில் வாயசைப்பது கடினம் என்பதால் முகம் இறுகிவிடும். மெதுவாக ஓட்டும்போது கண்ணில் பாவம் இல்லாமல் தாடை மட்டும் வேலை செய்வது தெரியும். இன்னொரு கோளாறு, 24-ல் எடுத்ததை எடிட்டில் பாதியாக்குவது. ஒவ்வொரு ஃப்ரேமும் இரண்டு தடவை வருவதால் படம் தத்தித் தத்திப் போகும். மென்பொருளை விட்டு இடை ஃப்ரேம்களை உண்டாக்கினால் விரல் இடுக்கிலும் கூந்தல் ஓரத்திலும் பின்னணி உருகி ஒழுகுகிற மாதிரி தெரியும். நிறுத்திப் பார்த்தால் தப்பாது.

இதையே திருப்பியும் செய்யலாம். கோல்ட்பிளே குழுவின் ‘தி சயன்டிஸ்ட்’ (2002) வீடியோவில் காலம் பின்னோக்கி ஓடும், பாடகரின் உதடு மட்டும் பாட்டோடு பொருந்தும். அதற்காக கிறிஸ் மார்ட்டின் பாட்டைத் தலைகீழாகப் பாடக் கற்றுக்கொண்டார்.

வரியும் காட்சியும்

ஆண்ட்ரூ குட்வின் என்ற ஆய்வாளர் 1992-ல் எழுதிய நூலில் பாட்டு வரிக்கும் காட்சிக்கும் உள்ள உறவை மூன்றாகப் பிரித்தார். அது இன்றும் கைகொடுக்கிறது. ‘ஊரை விட்டுப் போறேன்’ என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். செங்கோட்டை பஸ் நிலையத்தில் பெட்டியோடு ஒருவர் கொல்லம் பஸ் ஏறினால் அது சொன்னதைக் காட்டுவது. பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, ரோஜாத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிக் கையால் சைகை காட்டினால் அது வரியில் இல்லாத ஒன்றைச் சேர்த்துச் சொன்னதைப் பெருக்குவது. அவர் நகராமல் ராட்டினத்தில் சுற்றிக்கொண்டே அந்த வரியைப் பாடினால் அது வரியோடு மோதுவது. உங்கள் அட்டவணையில் வரிக்கு வரி ‘கா’, ‘பெ’, ‘மோ’ என்று குறித்துப் பாருங்கள். ‘கா’ மட்டுமே நிறைந்திருந்தால் வீடியோ பாட்டுக்கு எதையும் தரவில்லை. முழுக்க ‘மோ’ என்றால் எடுத்தவருக்கே என்ன வேண்டுமென்று தெரியாமல் இருந்திருக்கலாம்.

இடத்துக்கும் இதே கேள்விதான். 1904-ல் திறந்த கொல்லம்–செங்கோட்டை ரயில் பாதையின் பதிமூன்று கண் பாலம் ஒரு வீடியோவில் வருகிறது. அங்கே பாடகர் வெறுமனே நின்றால் அது காலண்டர் படம். வளைவுகளின் வரிசையில் அவர் நடக்க, ஒவ்வொரு தூண் கடக்கும்போதும் ஒரு தட்டு விழுந்தால் பாலமே தாள வாத்தியமாகிவிட்டது. சுந்தரபாண்டியபுரத்தில் ‘அந்நியன் பாறை’ என்று ஒன்று இருக்கிறது. 2005-ல் வந்த ‘அந்நியன்’ படத்தின் பாட்டுக்காக வண்ணம் பூசி முகங்கள் வரைந்தார்கள். படக்குழு போன பிறகும் ஊர் அந்தப் பெயரை வைத்துக்கொண்டது. கலை இயக்கம் ஓர் இடத்தை என்ன செய்ய முடியும் என்பதற்குப் பக்கத்திலேயே இருக்கும் சாட்சி.

இடம் முழு வேலையையும் செய்வதற்கு நல்ல எடுத்துக்காட்டு, கேரளத்தில் பிறந்த ராப் பாடகர் ஹனுமான்கைண்டின் ‘பிக் டாக்ஸ்’. 2024 ஜூலையில் வெளியானது, இயக்கம் பிஜோய் ஷெட்டி. கேரளத்தின் பொன்னானியில் ஒரு மரணக் கிணற்றுக்குள் எடுத்தார்கள். திருவிழாப் பொருட்காட்சியில் எல்லோரும் பார்த்ததுதான்: பலகைச் சுவரில் பைக்கும் காரும் சுற்றும், விளிம்பில் சனம் எட்டிப் பார்க்கும். பாடகர் நடுத்தரையில் நிற்கிறார். அவரைச் சுற்றி எல்லாமே வட்டம் என்பதால் கேமரா எந்தப் பக்கம் திரும்பினாலும் பின்னணி ஓடிக்கொண்டே இருக்கிறது. வேகத்தைக் கட்டால் உண்டாக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ராப்பின் பீட்டும் சுற்றிச் சுற்றி வருகிற ஒன்றுதான் என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால் இடத்தேர்வின் கணக்கு புரியும்.

எழுதும்போது

முன்பு சொன்ன கற்பனை வீடியோவுக்கே இரண்டு விதமாக எழுதிப் பார்ப்போம். ‘படத்தொகுப்பு விறுவிறுப்பாக இருக்கிறது, நாயகியின் சுதந்திர உணர்வை இயக்குநர் சிறப்பாக வெளிப்படுத்தியுள்ளார்.’ இதில் எதையும் எவரும் மறுக்க முடியாது, சரிபார்க்கவும் முடியாது.

இப்போது இப்படி: ‘மூன்று பல்லவிகளில் ஷாட்டுகள் 8, 16, 32 என்று ஏறுகின்றன. முதல் இரண்டிலும் அவள் வீட்டுக்குள் இருக்கிறாள், முகத்துக்குப் பின்னால் சுவர். மூன்றாவதில் வயலுக்கு வருகிறாள். அகல லென்ஸால் மலை சிறுத்து, வானம் படத்தின் முக்கால் பங்கை எடுத்துக்கொள்கிறது. கட் வேகமெடுக்கும் அதே இடத்தில் வெளியும் விரிவதால், படபடப்பு பயமாக மாறாமல் மகிழ்ச்சியாக மாறுகிறது.’ இதில் ஒவ்வொரு வாக்கியத்தையும் வீடியோவைத் திறந்து சரிபார்க்கலாம். கடைசி வாக்கியத்தோடு ஒருவர் சண்டை போடலாம், ஆனால் அவரும் எண்ணிவிட்டுத்தான் வர வேண்டும்.

‘இயக்குநர் நினைத்தார்’ என்று எழுதாதீர்கள், அவர் நினைத்தது உங்களுக்குத் தெரியாது. ‘படம் இப்படிச் செய்கிறது’ என்று எழுதலாம். பணம் போதாமல் ஒரே அறையில் எடுத்திருக்கலாம், மழை வந்ததால் மண்டபத்துக்குள் ஓடியிருக்கலாம். காரணம் எதுவானாலும் திரையில் விழுந்த விளைவு ஒன்றுதான், நாம் படிப்பது அதைத்தான்.

இப்போதெல்லாம் பார்க்க வேண்டிய இன்னொன்று, அதே வீடியோவின் நிமிர்ந்த வடிவம். 1920-க்கு 1080 படத்திலிருந்து 9:16 ரீலை வெட்டினால் அகலத்தில் ஏறத்தாழ 607 புள்ளிதான் மிஞ்சும், மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, எந்த ஒரு பங்கை வைத்துக்கொண்டார்கள், எதை விட்டார்கள் என்று பாருங்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு ஓரத்தில் நின்ற ஷாட் ரீலில் ஒருவராகிவிட்டதா, இல்லை அந்த ஷாட்டையே தூக்கிவிட்டார்களா? ரீலை மனதில் வைத்தே எடுத்த வீடியோ என்றால் அகல வடிவத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும்: பாடகர் எப்போதும் நட்டநடுவில் நிற்பார், இரண்டு ஓரமும் சும்மா கிடக்கும். அப்படி ஒன்றைக் கண்டால் அட்டவணையின் குறிப்புப் பத்தியில் ‘ரீலுக்காக’ என்று எழுதி வையுங்கள்.